கட்டம் போட்ட துணியும் கட்டுப்படாத மனிதர்களும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-ஆம் ஆண்டில் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதையில் செல்பவர்கள் வழியிலுள்ள நிலையங்களின் பெயர்களைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர். எண்ணெய்க் கிடங்கும் ஆலைப் புகையும் கண்டெய்னர் லாரியுமாக நாம் அறிந்திருக்கும் இப்பகுதியின் பழைய தொழில் எது என்பதை இப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. அது துணித் தொழில்.

வண்ணாரப்பேட்டை என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. தறியிலிருந்து இறங்கும் துணி கஞ்சியும் அழுக்கும் ஏறிப் பழுப்பாக இருக்கும். அதை உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, வெயிலில் விரித்து மீண்டும் மீண்டும் நனைத்து வெளுக்க வேண்டும். இதற்குத் தண்ணீரும் வேண்டும், திறந்த வெளியும் வேண்டும். அந்நாளைய கருப்பர் பட்டணத்துக்கு வடக்கே இரண்டும் இருந்தன.

காலடிப்பேட்டை என்றதும் யாரோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் போலும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயரின் பெயர். நெசவாளர்களையும், துணியில் வண்ணம் தீட்டுபவர்களையும் குடியமர்த்துவதற்காக அவர் காலத்தில் திருவொற்றியூரை ஒட்டி எழுந்த குடியிருப்பு 'காலெட் பேட்டை' எனப்பட்டது. நம் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று.

இந்தக் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான பலவகைத் துணிகளுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. கட்டம் போட்ட பருத்தித் துணி. நம் கைலிக்கு மூத்த உறவு அது. 'சென்னைக் கைக்குட்டை' என்பது அதன் வணிகப் பெயர். கைக்குட்டை என்றதும் சட்டைப் பையில் வைக்கும் சிறு துண்டு என்று கருத வேண்டாம். மூன்றடிச் சதுரங்களாக வெட்டத்தக்க எட்டுக் கெஜத் துணி அது. காலடிப்பேட்டை ஒன்றில் மட்டும் நெய்யப்பட்டதும் அன்று. வடக்கே பழவேற்காடு, அதையும் தாண்டிச் சீராலா என்று கடற்கரை நெடுகத் தறிகள் இருந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டிலேயே கோட்டை கட்டிக்கொண்டு துணி வாங்கினார்கள். இன்றும் மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலக்காட்' என்று பெயர். அந்தப் பெலக்காட் நம் பழவேற்காடுதான்! பிரெஞ்சு மொழியிலோ 'மத்ராஸ்' என்ற சொல்லுக்கே கட்டம் போட்ட ஒரு துணி என்ற பொருளும் உண்டு.

துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் துணிப் பொதிகளை அலைகளுக்கு அப்பால் நின்ற கப்பல்களுக்குக் கொண்டுசென்றன. கப்பல் ஏறிய துணி ஒன்றுதான். அது போய்ச் சேர்ந்த நாடுகளில் யார் யார், யாருடைய ஆணையை மீறி, அதை எப்படி அணிந்தார்கள் என்பதுதான் வியப்பான வரலாறு.

மூன்று நூல், ஆறு நிறம்

முதலில் துணியைப் பார்த்துவிடுவோம். ஓர் இயற்பியல் ஆசிரியன் இதைத் தாண்டிச் செல்ல முடியாது.

கட்டத் துணியில் அச்சு வேலை கிடையாது. நூலுக்கு முன்னதாகவே சாயம் ஏற்றிவிடுகிறார்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் சிவப்பு, நீலம், வெள்ளை என மூன்று நிறங்கள்; குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் அதே மூன்று. சிவப்பும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் தூய சிவப்பு. சிவப்பும் நீலமும் சந்தித்தால் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. இவ்வாறு எண்ணிப் பார்த்தால் தூய நிறம் மூன்று, கலப்பு நிறம் மூன்று, ஆக ஆறு. நான்கு நிற நூல்களை எடுத்துக்கொண்டால் பத்து நிறம். ஆறு எடுத்துக்கொண்டால் இருபத்தொன்று. சாயக்காரர் ஆறு தொட்டிதான் வைத்திருக்கிறார். நெசவாளி அதை 21 ஆக்கிவிடுகிறார்.

ஆனால் இந்தக் கலப்பு துணியில் நடப்பதில்லை, நம் கண்ணில் நடக்கிறது. அங்குலத்துக்கு 60 இழைகள் உள்ள துணியில் அடுத்தடுத்த இழைகளுக்கு இடையே ஏறக்குறைய 0.42 மில்லிமீட்டர் தூரம். இரண்டு புள்ளிகள் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கண் அவற்றைப் பிரித்தறியாது. கணக்குப் போட்டால், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் சிவப்பு இழையும் நீல இழையும் தனித்தனியே தெரியாமல் ஊதாவாகிவிடும். எதிரே நின்று பேசுபவருக்கு ஒரு துணி, தெருவுக்கு அப்பால் நிற்பவருக்கு வேறொரு துணி!

இனிச் சாயம். ஐரோப்பியர் சோழமண்டலக் கரைக்கு ஓடிவந்ததற்கு ஒரு காரணம், இங்குள்ள பருத்தித் துணியில் துவைத்தாலும் போகாத நிறம் இருந்ததுதான். பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. கம்பளியைப் போல் சாயத்தை எளிதில் பற்றிக்கொள்ளாது. நம் சாயக்காரர்கள் கடுக்காய்ச் சாற்றில் துணியை ஊறவைத்தார்கள். பிறகு படிகாரம் இட்டார்கள். அதன்பின் கடற்கரை மணலில் விளையும் சாயவேரின் கஷாயத்தில் அவித்தார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயவேரிலுள்ள அலிசரின் என்ற நிறப்பொருளையும் பிடித்துக்கொள்கிறது. இப்படி உண்டான சிவப்பு நீரில் கரையாது. அவுரி நீலத்தின் வழி வேறு. அது இயல்பாகவே நீரில் கரையாத பொருள். தொட்டியில் புளிக்கவைத்து ஆக்சிஜனை நீக்கினால் மஞ்சட்பச்சை நிறமுள்ள, கரையக்கூடிய வடிவம் பெறுகிறது. அதில் நனைத்த நூலைக் காற்றில் எடுத்துக் காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, இழைக்குள் சிறைப்பட்டுவிடும். சாயம் போகாத துணி என்ற இந்தப் புகழை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நேர் எதிரான புகழ் ஒன்று இதே ஊரின் பெயருக்கு வந்து சேர்ந்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

ஐந்து பவுன் அபராதம்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்தில் எல்லாத் தரத்து மக்களையும் கவர்ந்துவிட்டது. சீமாட்டியும் அவள் வீட்டு வேலைக்காரியும் ஒரே மாதிரியான இந்தியப் பூத்துணி அணிந்தால் யார் எஜமானி என்று எப்படித் தெரியும் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்கோ அது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. 1700-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வரும் அச்சிட்ட, சாயமிட்ட துணிகளை இங்கிலாந்தில் விற்பதற்குத் தடை வந்தது. அதுவும் போதவில்லை. 1719-இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் பருத்தி ஆடை அணிந்து சென்ற பெண்களைத் துரத்தி, ஆடைகளைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும்கூட வீசினார்கள். திருவொற்றியூரில் காலெட் கவர்னர் நெசவாளர்களைக் குடியமர்த்திக்கொண்டிருந்த அதே காலம் அது. இங்கே தறி போடச் சொல்லி அழைப்பு, அங்கே அணிந்தவர் மேல் அமிலம்!

1721-இல் வந்த சட்டம் விற்பவரோடு நிற்காமல் அணிபவரையும் குற்றவாளியாக்கியது. அச்சிட்ட பருத்தி ஆடை அணிந்தால் ஐந்து பவுன் அபராதம். 1774 வரை இச்சட்டம் நீடித்தது. பிரான்சில் 1686 முதல் 1759 வரை இதே போன்ற தடை இருந்தது. ஆடைக்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்ட இந்த வரலாற்றை, நாகரிகம் பற்றிய வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளியின் பசியும் பொய்யன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. தடை செய்யப்பட்ட துணியைக் கிடங்கில் வைத்திருந்து மறு ஏற்றுமதி செய்யலாம். எங்கே? பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டத்துத் தீவுகளுக்கும். ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கியவர்கள் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணி முக்கியமானது. மான்செஸ்டர்க்காரர்கள் இதே கட்டங்களைப் பார்த்துப் போலித் துணி நெய்து அனுப்பினார்கள். ஆனாலும் நிறத்துக்காக ஆப்பிரிக்க வணிகர்கள் இந்தியத் துணியையே விரும்பினார்கள். நம் சாயக்காரர்களின் திறமையைப் பெருமையோடு பேசும் நாம், அத்திறமையின் விளைபொருள் எதற்கு ஈடாகக் கைமாறியது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

தலையை மூடு என்ற ஆணை

அட்லாண்டிக் கடலைக் கடந்த கட்டத் துணி, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் தலையிலும் தோளிலும் ஏறியது. அங்கேதான் அது தன் பெயரை நிலைநாட்டியது.

அப்போது ஸ்பெயின் ஆட்சியிலிருந்த லூசியானாவில், 1786-இல் கவர்னர் எஸ்தேபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க வழிவந்த சுதந்திரப் பெண்கள் பலர் இருந்தனர். அவர்கள் தலைமுடியை அழகாக அலங்கரித்து, நகையும் இறகும் சூடிச் சென்றது ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தியது. இனி அவர்கள் நகையோ இறகோ சூடக்கூடாது. அடிமைப் பெண்களைப் போல் தலையைத் துணியால் மூட வேண்டும் என்பதே ஆணை. நோக்கம் வெளிப்படையானது: பார்த்தவுடன் இவள் தாழ்ந்தவள் என்று தெரிய வேண்டும்.

பெண்கள் தலையை மூடினார்கள். எந்தத் துணியால்? இருந்தவற்றுள் மிகப் பளிச்சென்ற கட்டத் துணியால். அதை உயர்த்தி, முறுக்கி, முடிச்சிட்டு மகுடம் போலச் செய்துகொண்டார்கள். ஆணையின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. ஆணையின் நோக்கம் அடியோடு போயிற்று. இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்ட தலைத்துணி அழகின் அடையாளமாகிவிட்டது.

மார்த்தினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளில் இக்கலை மேலும் வளர்ந்தது. தலைத்துணியில் எத்தனை நுனிகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதை வைத்து அப்பெண்ணின் மனநிலையை அறியலாம் என்று அங்கே சொல்வார்கள். ஒரு நுனி என்றால் மனம் இன்னும் யாரிடமும் இல்லை. இரண்டு என்றால் ஒருவரிடம் சென்றுவிட்டது. மூன்று என்றால் மணமானவள். நான்கு நுனிக்குச் சொல்லப்படும் பொருள் சற்று வேடிக்கையானது: முயன்று பார்ப்பவருக்கு இடமுண்டு!

மார்த்தினிக் பெண்களுக்கு நம்மூர் மஞ்சள் போதவில்லை போலும். கட்டங்களின் மஞ்சள் கோடுகள் மேல் மறுபடியும் பளீர் மஞ்சள் சாயத்தைக் கையால் தீட்டி அணிந்தார்கள். அதற்கென்றே 'கலாந்தேஸ்' எனப்படும் தொழிற்பெண்கள் இருந்தனர். 1887 முதல் 1889 வரை அத்தீவில் வாழ்ந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹேர்ன் இவர்களின் வேலையை எழுதிவைத்திருக்கிறார். கடைக்குக் கடை ஒரே கட்டம்தான் கிடைக்கும். தீட்டும் கை வேறாக இருப்பதால் எந்தத் தலைத்துணியும் மற்றொன்றைப் போல் இராது.

1853 முதல் தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக மார்த்தினிக் சென்று இறங்கினார்கள். அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்த் துணி அங்குள்ள பெண்களின் தலையில் ஏறி அமர்ந்திருந்தது.

கலபாரிப் பெண்களின் கத்தி

இத்துணியைத் தமதாக்கிக்கொண்டவர்களுள் என்னை மிகவும் கவர்ந்தவர்கள் நைஜீரியாவின் கலபாரி மக்கள்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், சதுப்பு நிலத் தீவுகளில் வாழ்பவர்கள் கலபாரியர். புகுமா, அபொன்னேமா ஆகியவை அவர்களின் ஊர்கள். மீன்பிடித்தலும் வணிகமுமே அவர்களின் பழைய தொழில்கள். நெசவு அவர்கள் தொழிலன்று; நெய்தவற்றை வாங்கி உடுப்பவர்கள். சென்னைக் கட்டத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்று அழைத்தார்கள். நைஜீரியாவில் வேறு சில இந்தியத் துணிகளுக்கு 'ஜார்ஜ்' என்ற பெயர் வழங்குகிறது. அது நம் புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரிலிருந்து போயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

கலபாரிப் பெண்கள் வாங்கிய துணியை அப்படியே உடுத்துவதில்லை. கட்டங்களுக்கு இடையே ஓடும் வெளிர்நிற இழைகளுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, சிறு கத்தியாலோ பிளேடாலோ இரு முனைகளிலும் அறுத்து, நடுத்துண்டை உருவி எடுத்துவிடுகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை நீக்கினால் கட்டத்துக்குள் ஒரு புதிய கோலம் எழுகிறது. இழை நீங்கிய இடத்தில் துணி சல்லடை போலாகி ஒளியை உள்ளே விடுகிறது. மிஞ்சிய கருநிற இழைகள் முன்னைவிட அழுத்தமாகத் தெரிகின்றன. கையில் எடுத்தால் துணி லேசாகவும் மெதுவாகவும் இருக்கும். 'பெலெட்டே பிட்டே' என்று இதற்குப் பெயர். அறுத்த துணி என்று பொருள் கொள்ளலாம்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? துணி ஏன் பிரிந்துபோகவில்லை? இதற்கு விடை நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. கப்பலைக் கரையில் கட்டும்போது வடக்கயிற்றைக் குட்டையான இரும்புத் தூணில் சில சுற்றுகள் சுற்றிவிட்டால், மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டிருக்கலாம். சுற்று கூடக்கூட உராய்வு பெருக்கல் முறையில் ஏறுகிறது. உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொண்டால் மூன்று சுற்றுக்குப் பிடிப்பு ஏறக்குறைய 285 மடங்காகிறது. நெய்த துணியிலுள்ள ஒவ்வோர் இழையும் குறுக்கு இழைகளின் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவும் தூணைச் சுற்றிய கயிற்றின் ஒரு சிறு பகுதிக்குச் சமம். நீண்ட இழையில் ஆயிரக்கணக்கான வளைவுகள்; இழுத்தால் அறுமே தவிர வராது. அரை அங்குலத் துண்டில் முப்பது வளைவுகள்தாம். ஊசி முனையால் நெம்பினால் வந்துவிடும். எனவே துண்டுகளைச் சிறிதாக அறுத்து உருவலாம். அதே நேரத்தில், அறுக்கப்படாத நீண்ட இழைகள் துணியைக் கட்டிக் காக்கும். கலபாரிப் பெண்கள் இச்சமன்பாட்டை எழுதியதில்லை. எங்கே எத்தனை இழை எடுக்கலாம், எடுத்தால் துணி நிற்குமா என்பது அவர்களின் விரல்களுக்குத் தெரியும்.

இத்துணி அவர்களுக்கு வெறும் உடையன்று. குழந்தை பிறந்த தாய்க்கு உடுத்தும் துணி, முதியவர் இறந்தால் அவரைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அலங்கரிக்கும் துணி, குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் துணி. துணியைப் பார்த்தே இன்னார் வீட்டுக் கைவேலை என்று சொல்லிவிடும் அளவுக்கு அது குடும்பத்தின் கையெழுத்தாக இருந்தது. பல்லாயிரம் கெஜம் ஒரே மாதிரி நெய்யப்பட்டு, பொதி பொதியாக விற்கப்பட்ட ஒரு சரக்கு, கடைசியில் ஒரு வீட்டின் கையெழுத்தாகிறது!

அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐக்கரும், கலபாரியரான டோன்யே எரெகோசிமாவும் 1981-இல் இதைப் பற்றி எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பொருளை ஒரு சமூகம் தன்வயப்படுத்திக்கொள்ளும் முறையில் நான்கு படிகளை அவர்கள் காட்டினர். பலவற்றுள் ஒன்றைத் தேர்வது, அதற்குத் தம் மொழியில் பெயரிடுவது, தம் வாழ்க்கைச் சடங்குகளில் அதற்கு இடம் தருவது, இறுதியில் அதன் உருவையே மாற்றிவிடுவது. முதல் படியோடு நின்றுவிடுவதைத்தான் நாம் பெரும்பாலும் நாகரிகம் என்று சொல்லிக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

சாயம் போகும், உத்தரவாதம்!

இனி முன்னர்ச் சொன்ன எதிர்ப்புகழுக்கு வருவோம். 1869 அளவில் செயற்கை அலிசரினும், 1897-இல் செயற்கை அவுரியும் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தபின் சாயவேரும் கடுக்காயும் மெல்லப் பின்வாங்கின. பழைய முறையின் பல படிகளைச் சுருக்கி, நிறம் ஊன்றாத சாயங்களிட்டு நெய்த மலிவான துணிகளும் சந்தையில் இருந்தன.

1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இத்தகைய கட்டத் துணியில் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். விற்றவர் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய சி. பி. கிருஷ்ணன் நாயர். இதைக் குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்று எச்சரித்தே கொடுத்ததாகவும், அந்த எச்சரிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் நாயர் பிற்காலத்தில் கூறிவந்தார். சலவை இயந்திரத்தில் போட்டதும் சிவப்பு நீலத்திலும் நீலம் மஞ்சளிலும் ஓடிற்று. வழக்குத் தொடுப்போம் என்றார்கள். நாயர் நியூயார்க் சென்றபோது ஓர் இளைஞர் பத்திரிகை கைகொடுத்தது. குறையே நிறையாயிற்று. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புதிய நிறம் காட்டும் கைத்தறி அதிசயம் என்று அது எழுத, துணி பறந்தது. 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்பது அக்காலத்து விளம்பர வாசகமாகவே ஆகிவிட்டது.

அதில் ஓர் அறிவியல் உண்மையும் இருந்தது. இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்ளாத சாய மூலக்கூறு நீரில் கரைந்து, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும். நீரின் வெப்பம், சோப்பின் காரம், ஊறிய நேரம், வெயில் எல்லாம் சேர்ந்தே அப்பரவலைத் தீர்மானிக்கின்றன. ஒரே தானிலிருந்து வெட்டிய இரண்டு சட்டைகள் இரு வீடுகளில் ஓராண்டு துவைக்கப்பட்டால் இரண்டு வேறு சட்டைகளாகிவிடும். உமக்கே உரிய சட்டை, உலகில் இதுபோல் இன்னொன்று இல்லை என்று விற்பனையாளர் சொன்னது பொய்யன்று.

ஆனால் நடந்தது என்ன? 'உமக்கே உரிய' அந்தச் சட்டையை 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அணிந்தார்கள்! எஸ். இ. ஹின்டன் தம் பதின்ம வயதில் எழுதி 1967-இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவலில், பணக்கார வீட்டுப் பையன்களின் கூட்டத்தை அடையாளம் காட்டுவதே இந்த மதராஸ் சட்டைதான். நியூ ஆர்லியன்ஸில் தாழ்த்துவதற்கென்று விதித்த துணி உயர்வின் அடையாளமாயிற்று. இங்கே தனித்தன்மைக்கென்று விற்ற துணி கூட்டத்தின் சீருடையாயிற்று. கலபாரிப் பெண் தன் கையால் இழையை எடுத்தாள். அமெரிக்க மாணவனுக்கு அந்த வேலையைச் சலவை இயந்திரம் செய்து கொடுத்தது. வேறுபாடு அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய ஜீன்ஸும் இதே கதைதான். அவுரி இழையின் உட்புறம் வரை செல்லாமல் மேற்பரப்பில் தங்குவதால், உடுத்துபவரின் முழங்காலும் பையும் உரசும் இடத்தில் வெளுக்கும். பல ஆண்டு உழைத்தவனின் உடலைத் துணி படம் பிடித்துவைத்திருக்கும். இப்போது அந்த வெளுப்பை ஆலையிலேயே லேசர் கதிரால் சுட்டு விற்கிறார்கள். என் வகுப்பில் பத்து மாணவர்களின் முழங்காலில் ஒரே இடத்தில் ஒரே வடிவ வெளுப்பைக் காண்கிறேன். லேசர் பாடம் நடத்த நல்ல உதாரணம்!

நம் வீட்டுக் கைலி

வடசென்னைக்குத் திரும்புவோம். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்படும் வரை பேர்பெற்றவை. அவற்றின் காக்கித் துணி ராணுவத்தை உடுத்தியது. ஆயிரம் பேரை ஒருவராகக் காட்டும் துணியும், ஒருவரைத் தனித்துக் காட்டும் துணியும் சில மைல் இடைவெளியில் பிறந்திருக்கின்றன.

மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் தந்த கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தச் சர் பிட்டி தியாகராயர் நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெண்ணிற உடை தவிர வேறு உடுத்தாதவர் என்பதால் 'வெள்ளுடை வேந்தர்' என அழைக்கப்பட்டார். 1922-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, மாநகராட்சித் தலைவருக்குரிய அங்கியை அணியாமல் தம் வெள்ளுடையிலேயே வரவேற்க அனுமதி பெற்றார் என்ற செய்தி இன்றும் வழங்குகிறது.

கைலிக்கு அந்த யோகம் இல்லை. 'பழையகாட் லுங்கி' என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதில் பழவேற்காட்டின் பெயர் ஒளிந்திருக்கிறது. காசிமேட்டில் வலை இழுப்பவரும், ராயபுரத்தில் மூட்டை தூக்குபவரும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவுபவரும் உடுத்துவது அதைத்தான். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது ஒருவிதம், அவிழ்த்துவிட்டுப் பெரியவர் முன் நிற்பது ஒருவிதம்; மூட்டிய கைலி சிலருக்கு, மூட்டாதது சிலருக்கு. கட்டும் விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் அதே கைலியோடு அலுவலக வாசலில் நின்றால் காவலாளி உள்ளே விடுவதில்லை. உழைப்பவனின் உடை என்பதே அது செய்த குற்றம். டொமினிக்கா, செயின்ட் லூசியா முதலிய தீவுகளில் இதே கட்டத்தைத் தேசிய உடையாக அணிந்து பெண்கள் விழா எடுக்கிறார்கள். படித்த நம் பிள்ளைகள் அதை மாலை ஆறு மணிக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு உடுத்துகிறார்கள். இதை மாற்ற வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வாசகர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய பருத்திக் கைலி ஒன்றும், ஓர் உருப்பெருக்கியும், ஊசியும் போதும். முதலில் பாவிலும் ஊடையிலும் எத்தனை நிறங்கள் என்று எண்ணி, துணியில் எத்தனை நிறங்கள் தெரிகின்றன என்று கணக்கோடு ஒப்பிடுங்கள். துணியைச் சுவரில் தொங்கவிட்டுப் பின்னோக்கி நடந்து, எந்தத் தூரத்தில் இழைகள் கலக்கின்றன என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு வெள்ளை இழையை அரை அங்குல இடைவெளியில் இரு பக்கமும் அறுத்து, நடுத்துண்டை ஊசியால் நெம்பி எடுங்கள். அடுத்து ஐந்து அங்குல நீளத்தை அவ்வாறே எடுக்க முயலுங்கள். துறைமுகத் தூணின் நினைவு வரும். பத்துப் பதினைந்து துண்டுகளை எடுத்தபின் துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிளேடைக் கவனமாகக் கையாளுங்கள். கைலிக்கு உரியவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.